இணையம் வழியாக பெடல் வாசித்துப் பார்த்து வாங்கலாமா?

ஆறாம்கம்பி கேட்டது:

கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல்களில் ஒரு டிலே (எதிரொலி), ஒரு ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்பு), ஒரு ஃபஸ் (அடர்ந்த கரகரப்பு), இந்த மூன்றும் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடையில் போய் வாசித்துப் பார்த்து வாங்கும் வசதி எனக்கு இல்லை, அதனால் இதுவரை வாங்கியதெல்லாம் வீடியோ பார்த்து வாங்கியவைதான். அவற்றில் இரண்டு என் கைக்கு ஒத்தே வரவில்லை. பெடல் மேல் குற்றமில்லை. வீடியோவில் வாசித்தவரின் கிட்டார், ஆம்ப், மைக், அவருடைய விரல் எல்லாம் சேர்ந்து வந்த சத்தத்தை நான் பெடலின் சத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

தூரத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் நான் பார்த்து வைத்திருக்கும் பெடல்களில் ஏழெட்டு இருக்கின்றன. "நீ அங்கிருந்து வாசி, நான் இங்கே பெடலில் விட்டுத் திருப்பி அனுப்புகிறேன்" என்றார். போன வாரம் வீடியோ அழைப்பில் அப்படிச் செய்து பார்த்தோம், எதுவும் தேறவில்லை. ஒரு கார்டை அடித்து ஒலிக்க விட்டால் இரண்டு நொடிக்குள் யாரோ கையால் பொத்தியதுபோல் சத்தம் அடங்கிவிடுகிறது. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவில் கேட்கிறது. அதுவும் நான் அடித்து அரை நொடி கழித்துத்தான் காதுக்கு வருகிறது, அதை வைத்து எப்படி வாசிப்பது?

நேரடியாக வாசித்துப் பார்க்க வேறு நல்ல வழி இருக்கிறதா? இல்லை, பதிவு செய்து அனுப்பினால் போதுமா? அப்படி அனுப்பினால் அது என் கிட்டாரையே அந்தப் பெடலில் செருகியதற்குச் சமமாகுமா? நிஜக் கருவியை எங்கோ வைத்து, அதன் நாப்களை (திருகு குமிழ்களை) நாம் வீட்டிலிருந்தே திருப்பும் சேவைகள் இருக்கின்றன என்கிறார்கள், அவற்றைப் பயன்படுத்திய அனுபவம் யாருக்காவது உண்டா?

என்னிடம் இருப்பது சிங்கிள் காயில் கிட்டார் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள்), கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன். அவரிடம் இன்டர்ஃபேஸ், ஆம்ப், மைக் எல்லாம் உண்டு.

மெட்ரோனோம் பதில்:

வீடியோ அழைப்பை முதலில் விட்டுவிடுங்கள். அது பேச்சுக்காகச் செய்த வழி. பேச்சு என்பது விட்டு விட்டு வரும், இடையில் நிற்காமல் ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டிருப்பது எதுவானாலும் மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடும். உங்கள் கார்டு இரண்டு நொடியில் அடங்கியது அதனால்தான். மெதுவும் ஓங்கலும் ஒன்றாகிப் போனதற்குக் காரணம் தானியங்கி வால்யூம் சமன். அமைப்பில் "அசல் ஒலி" என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தாமதம் அப்படியேதான் இருக்கும்.

நேரடியாக வாசிப்பதற்கென்றே இருக்கும் மென்பொருள்கள் ஜாமுலஸ், ஜாக்டிரிப், சோனோபஸ். மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெடல் கேட்பதற்கு நான் சோனோபஸ்ஸைத்தான் சொல்வேன், அதில் ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் வசதி இருக்கிறது. இருபக்கமும் வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

ஆனால் இதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர், 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 2.7 மில்லிநொடி. உங்கள் வீட்டில் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, நண்பர் வீட்டிலும் அதே மாதிரி இரண்டு, ஆக கிட்டத்தட்ட 11 மில்லிநொடி இங்கேயே போய்விட்டது. ஃபைபரில் ஒளி 1000 கிலோமீட்டர் போக 5 மில்லிநொடி ஆகும். நேர்கோட்டில் யாரும் கம்பி இழுப்பதில்லை, அதனால் உண்மையில் இன்னும் கூடும். இணையத்தில் ஒலித் துண்டுகள் முன்னே பின்னே வருவதைச் சமாளிக்க இருபக்கமும் தனியாக ஒரு பஃபர் வேறு வேண்டும். எல்லாம் நன்றாக அமைந்தாலும் 30, 40 மில்லிநொடிக்குக் கீழே இறங்குவது கஷ்டம்.

இருவர் தூரத்திலிருந்து சேர்ந்து வாசிக்கும்போது 25 மில்லிநொடி வரை சமாளிக்கலாம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஒருவழித் தாமதம். உங்கள் விஷயத்தில் போன சத்தம் திரும்பியும் வர வேண்டும், அந்த மொத்தப் பயணமும் உங்கள் விரலுக்கும் உங்கள் காதுக்கும் நடுவே உட்கார்ந்துவிடுகிறது. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தால் காற்றில் சுமார் 9 மில்லிநொடி ஆகிறது, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 40 என்றால் கிட்டத்தட்ட 14 மீட்டர் தள்ளி நிற்பதுபோல. வாசிக்க முடியும்தான், ஆனால் கை தானாகவே மெதுவாகிவிடும், பெடல் "மந்தமாக இருக்கிறது" என்று தோன்றும். மந்தம் பெடலில் இல்லை.

நான் செய்வது வேறு. என் கிட்டாரை எந்த எஃபெக்டும் இல்லாமல் இன்டர்ஃபேஸில் நேராகப் பதிவு செய்து ஒரு நிமிஷ ஃபைலாக அனுப்பிவிடுவேன். நண்பர் அதைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு பெடலுக்குள் அனுப்புவார், நான் சோனோபஸ்ஸில் கேட்டுக்கொண்டே "டிரைவ் இன்னும் கொஞ்சம், டோன் பாதிக்குக் கீழே" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நாப் திருப்புவதற்கு அரை நொடி தாமதமானாலும் ஒன்றும் கெடாது. வாசிக்கும்போதுதான் தாமதம் கொல்லும். இதைப் புரிந்துகொண்ட பிறகு நேரடியாக வாசிக்கும் முயற்சியையே விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்ட சேவைகள் விஷயம். மிக்ஸ் அனலாக், ஆக்சஸ் அனலாக் இரண்டும் நிஜக் கருவிகளைத் தூரத்திலிருந்து இயக்க விடுபவை, ஆக்சஸ் அனலாக்கில் மோட்டார் வைத்து நாப்பையே திருப்புகிறார்கள். ஆனால் அவை முக்கியமாக ஸ்டூடியோ கம்ப்ரஸர், ஈக்யூ மாதிரியான கருவிகளுக்கானவை, மிக்ஸ் செய்பவர்களுக்கு அருமையான விஷயம். கிட்டார் பெடல் என்று வரும்போது அங்கேயும் சத்தம் போவது இன்டர்ஃபேஸ் மாதிரியான கருவிகளின் லைன் அவுட்புட்டிலிருந்துதான், கிட்டார் பிக்கப்பிலிருந்து இல்லை. அதில் என்ன சிக்கல் என்று கீழே யாராவது சொல்வார்கள்.

ஈயப்பற்று பதில்:

சொல்கிறேன். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்புட்டை நேராகப் பெடலில் செருகுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு. கிட்டார் தருவதைவிட அது பல மடங்கு வலுவாக இருக்கும், ஓவர்டிரைவில் நாப்பைத் தொடுவதற்கு முன்பே கரகரப்பு வந்துவிடும், பெடல் மட்டமானது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நடுவில் ஒரு ரீஆம்ப் பாக்ஸ் வேண்டும். அது லெவலை இறக்கும், பேலன்ஸ்டு லைனை கிட்டார் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக இருந்தால் கிரவுண்ட் லூப் இரைச்சலையும் அறுத்துவிடும்.

லெவலைக் காதால் சரி பார்க்காதீர்கள், மல்டிமீட்டரால் பாருங்கள். உங்கள் இன்டர்ஃபேஸ் கையேட்டில் கிட்டார் இன்புட்டின் உச்ச அளவு எழுதியிருக்கும். உதாரணத்துக்கு, கெயினை முழுக்கக் குறைத்து வைத்தால் பிளஸ் 12 டிபியூ (வோல்ட்டை டெசிபலில் சொல்லும் அளவு) என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அந்த நிலையிலேயே கெயினைத் தொடாமல் பதிவு செய்யுங்கள். நண்பர் மைனஸ் 12 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்சத்திலிருந்து கீழே எண்ணும் அளவு) அளவில் 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓட விட்டு, ரீஆம்ப் பாக்ஸிலிருந்து வரும் கேபிளைப் பெடலிலேயே செருகி, அந்த இடத்தில் ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். 12-ல் 12 போனால் 0 டிபியூ, அதாவது 0.775 வோல்ட், அது வரும்வரை ரீஆம்ப் பாக்ஸின் நாப்பைத் திருப்பட்டும். அது வந்துவிட்டால் உங்கள் கிட்டார் உங்கள் இன்டர்ஃபேஸுக்கு என்ன வோல்ட் கொடுத்ததோ அதே வோல்ட் அங்கே அவருடைய பெடலுக்கும் போகிறது. பத்து நிமிஷ வேலை, ஆனால் இதைச் செய்யாமல் ஓவர்டிரைவ் சோதிப்பதில் அர்த்தமே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பதிவு செய்யும்போது கிட்டார் இன்புட்டில்தான் செருக வேண்டும், அங்கே இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சத்தத்துக்கு உள்ள மின்தடை) சுமார் 1 மெகாஓம் இருக்கும். சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் அது பிக்கப்பைப் பாரமாக அழுத்தி மேல் ஒலியைத் தின்றுவிடும், பின்னால் எதைச் செய்தாலும் அது திரும்பி வராது. கேபிளும் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் கேபிளாகவே இருக்கட்டும். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் கேபிளில் உண்டு, சிங்கிள் காயிலில் அது நன்றாகவே தெரியும்.

அப்புறம், பெடலிலிருந்து வருவதை அப்படியே இன்டர்ஃபேஸில் விட்டு ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாகச் சரிந்துவிடும், டிஸ்டார்ஷனின் முள் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் இல்லாமல் எந்த டிரைவ் பெடலும் தேனீக்கூட்டம்தான். ஆம்ப் வைத்து மைக்கில் எடுங்கள், இல்லை ஒரே ஒரு கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதித்த ஃபைல்) போடுங்கள், எதுவானாலும் எல்லாப் பெடலுக்கும் அதையே வைத்திருங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல்களுக்கு ஆம்ப் இன்னும் முக்கியம். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே டிரைவைக் குறைத்துக்கொண்டு நடு ஒலியைத் தூக்கித் தருவதுதான் அதன் வேலை, கொஞ்சம் கரகரக்க ஆரம்பித்த ஆம்புக்கு முன்னால் வைத்தால்தான் அது எதற்கு இருக்கிறது என்றே புரியும். சுத்தமான ஆம்பில் தனியாகக் கேட்டால் சளி பிடித்த குரல் மாதிரி இருக்கும்.

வால்யூம்_ஏழு பதில்:

ஃபஸ் பற்றி மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் தப்பு முடிவு எடுத்து ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதே போல என் பதிவை அனுப்பி ஒருவரிடம் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் ஒன்றைச் சோதித்தேன். வட்டமான ஜெர்மானியம் பெடல், 1966-ல் வந்த அசலின் சர்க்யூட்டையே வைத்துச் செய்தது. ரீஆம்ப் பாக்ஸ் இருந்தது, லெவலும் சரியாகத்தான் வைத்திருந்தார். வந்த சத்தம் தகரத்தை ஆணியால் கீறுவது மாதிரி இருந்தது. பதிவில் நான் கிட்டார் வால்யூமை 10, 7, 4 என்று குறைத்துக்கொண்டே வாசித்திருந்தேன், 7-ல் சத்தம் தெளிய வேண்டும், தெளியவே இல்லை. கரகரப்பு அப்படியே இருந்துகொண்டு சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அதே பெடலை ஒரு ஒத்திகையில் கையில் வைத்து வாசிக்கக் கிடைத்தது. என் கிட்டார்தான், என் கேபிள்தான். 10-ல் அடர்த்தியாக, மேலே கொஞ்சம் மழுங்கி, சட்டியில் நெய் உருகுவதுபோல ஒரு சத்தம். வால்யூமை 7-க்கு இறக்கினேன். கரகரப்பு முழுக்க வழிந்துபோய் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவு வந்தது, எந்தச் சுத்தமான பெடலிலும் அப்படி ஒரு தெளிவை நான் கேட்டதில்லை. 4-ல் கிட்டத்தட்ட அக்கூஸ்டிக் கிட்டார். அங்கேயே அரை மணி நேரம் அந்த ஒரு நாப்பை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். அந்த சர்க்யூட்டின் இன்புட் இம்பீடன்ஸ் ரொம்பக் குறைவு, சில ஆயிரம் ஓம் அளவுதான். கிட்டார் பிக்கப்பின் கம்பிச்சுருளும் வால்யூம் நாப்பின் மாறும் மின்தடையும் (பாட் என்பார்கள்) அந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. சுருளின் இண்டக்டன்ஸும் அந்தக் குறைந்த இம்பீடன்ஸும் சேர்ந்து மேல் ஒலியை மழுக்குகின்றன, வால்யூமை இறக்கும்போது நடுவில் கூடும் ரெசிஸ்டன்ஸ் பெடல் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றுகிறது. பதிவு செய்யும்போது நம் கிட்டார் பார்த்தது இன்டர்ஃபேஸின் 1 மெகாஓமை. பெடல் பார்த்தது ரீஆம்ப் பாக்ஸை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பஃபர் (கிட்டாரையும் அடுத்த பெடலையும் பிரித்துவைக்கும் சர்க்யூட்) உள்ள பெடலுக்குப் பின்னால் ஃபஸ் வைக்காதே என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

போதாததற்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூட்டுக்கு மாறும். நண்பர் அறையில் இருக்கும் வெப்பமும் உங்கள் அறை வெப்பமும் வேறாக இருந்தால், கேட்ட பெடல் ஒன்று, வந்து சேரும் பெடல் வேறொன்று மாதிரிகூட இருக்கலாம். சிலிக்கானில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆறாம்கம்பி பதில்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. வால்யூம்_ஏழு, நான் கேட்க நினைத்தது அதே வகைப் பெடல்தான். அப்படியானால் ஃபஸ்ஸை தூரத்திலிருந்து சோதிக்க வழியே இல்லையா? பிக் மஃப் என்ற இன்னொரு ஃபஸ் வகைக்கும் இதே கதிதானா?

ஈயப்பற்று பதில்:

பிக் மஃப்பில் இவ்வளவு மோசமில்லை, அதன் முதல் கட்டம் ஃபஸ் ஃபேஸ் அளவுக்குப் பிக்கப்பைப் பிடித்து இழுக்காது. பதிவு அனுப்பிக் கேட்டால் ஓரளவு நம்பலாம்.

ஃபஸ் ஃபேஸுக்கு ஒரு அரைகுறை வழி உண்டு. சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுருளை மட்டும் இண்டக்டராக வைத்து, ஒரு ரெசிஸ்டரும் ஒரு வால்யூம் பாட்-உம் சேர்த்து, ரீஆம்ப் பாக்ஸுக்கும் பெடலுக்கும் நடுவே போட்டால் பெடல் அதைப் பிக்கப் என்று நம்பும். மேல் ஒலி மழுங்குவது சரியாக வரும். ஆனால் வால்யூமைக் குறைப்பதைப் பதிவில் செய்யக் கூடாது, நண்பர் அந்த வால்யூம் பாட்-ஐத் திருப்பிச் செய்ய வேண்டும். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த நண்பராக இருந்தால் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

இரண்டாம்ஃபிரெட் பதில்:

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று, சத்த அளவு. இரண்டு பெடலைக் கேட்கும்போது 1 டெசிபல் கூடுதலாக இருப்பது "சத்தம் அதிகம்" என்று தோன்றாது, "இது இன்னும் உயிரோட்டமாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். அளவு கூடும்போது அடி ஒலியும் மேல் ஒலியும் காதுக்கு இன்னும் நிறைவாகத் தெரிவதுதான் காரணம், 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அதனால் நண்பர் அனுப்பும் ஃபைல்களை எல்லாம் லவுட்னஸ் மீட்டரில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து விட்டுக் கேளுங்கள். பெடல் பெயரை எழுதாமல் 1, 2, 3 என்று எண் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்டபோது எனக்குப் பிடித்தது என் பட்டியலில் கடைசியில் இருந்த பெடல், பெயர் தெரிந்திருந்தால் அதை ஒழுங்காகக் கேட்டிருக்கவே மாட்டேன். ஃபைல் எம்பி3 வேண்டாம், 24 பிட் வேவ்.

இரண்டாவது, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள். இலவசம், மூலநிரலும் திறந்தது. நண்பர் தன் பெடல் வழியாக ஒரு சோதனை ஒலியை ஓட விட்டுப் பதிவு செய்தால் அதை வைத்து அந்தப் பெடலின் மாதிரி ஒன்றைத் தயாரிக்கலாம், நீங்கள் அதை உங்கள் கணினியில் போட்டு இணையத் தாமதம் எதுவும் இல்லாமல் உங்கள் கையாலேயே வாசிக்கலாம். ஓவர்டிரைவின் தொடு உணர்வு தெரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. மெதுவாக மீட்டினால் எங்கே தெளிகிறது, ஓங்கினால் எங்கே உடைகிறது என்பதெல்லாம் விரலிலேயே தெரியும். குறை என்னவென்றால் அது ஒரு நாப் நிலையின் படம் மட்டும், டிரைவை ஏற்ற வேண்டுமானால் இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும். டிலே, கோரஸ், ரிவர்ப் இதில் வராது. ஃபஸ் ஃபேஸ் சிக்கலும் இதில் தீராது, ஏனென்றால் மாதிரி எடுக்கும்போதும் பெடல் பிக்கப்பைப் பார்ப்பதில்லை.

ஆம்ப் முன்னால் நின்று கம்பி தானாக ஃபீட்பேக்கில் பாடுவதை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் அது இந்த எந்த வழியிலும் கிடைக்காது. ஸ்பீக்கரின் சத்தம் காற்றில் வந்து உங்கள் கம்பியை அசைத்தால்தான் அது நடக்கும்.

மெட்ரோனோம் பதில்:

டிலேவுக்கு என் வழியே போதும், கவலைப்படாமல் முடிவெடுக்கலாம். ரிப்பீட் ஒவ்வொன்றும் எப்படித் தேய்கிறது, டைம் நாப்பைத் திருப்பும்போது சுருதி எப்படி வழுக்குகிறது, ஃபீட்பேக் நாப்பை முழுக்க ஏற்றினால் எவ்வளவு சீக்கிரம் தானாகக் கத்த ஆரம்பிக்கிறது, எல்லாம் தூரத்திலிருந்தே தெளிவாகக் கேட்கும். பதிவில் இரண்டு மூன்று இடத்தில் நாலு நொடி வெறுமையாக விடுங்கள், வால் முழுசாகக் கேட்பதற்கு.

ஆறாம்கம்பி பதில்:

செய்து பார்த்தோம், சனி ஞாயிறு இரண்டு நாளும் போனது.

ஒரு நிமிஷம் பத்து நொடி பதிவு செய்தேன். முதலில் ஒரே கார்டு, தடவுவதுபோல ஆரம்பித்துக் கடைசியில் ஓங்கி அடிப்பது வரை எட்டு முறை. பிறகு அடிக்கம்பியில் உள்ளங்கை வைத்து அடக்கி வாசித்த ரிஃப், மேல் கம்பியில் ஒரே சுரத்தை வளைத்துப் பிடித்து அடங்கும்வரை விட்டது, நடுவில் வெறுமை. நண்பரிடம் ரீஆம்ப் பாக்ஸ் இருந்தது, மல்டிமீட்டரில் அளந்தபோது அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் 2.4 வோல்ட் காட்டியது. மூன்று மடங்கு! இவ்வளவு நாளும் அப்படியே பயன்படுத்தியிருக்கிறார், அவருக்கே அதிர்ச்சி. 0.775-க்கு இறக்கியதும் அவர் "ரொம்ப முள்ளாக இருக்கிறது" என்று மூலையில் போட்டிருந்த ஓவர்டிரைவ் ஒன்று மலர்ந்துவிட்டது, அதை அவர் இப்போது விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

டிலே முடிவாகிவிட்டது, அரை மணி நேரத்தில். ஓவர்டிரைவில் எண் போட்டு ஐந்து கேட்டேன், இரண்டு மிஞ்சியது, இரண்டுக்கும் டிரைவ் பாதியில் வைத்து மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறார், இந்த வாரம் முழுக்க அதில் வாசிக்கப்போகிறேன். எண் 4 மெதுவாக மீட்டும்போது விரலோடு கூடவே வருகிறது, எண் 2 எப்போதும் ஒரே மாதிரி. இப்போதைக்கு 4-தான்.

ஃபஸ்ஸை மட்டும் கேட்கவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தைச் சொன்னதும் நண்பர் "அதற்கு ஒரு மாலையைச் செலவழிப்பதற்கு நான் பெடலையே அனுப்பிவிடுகிறேனே" என்றார். நேற்று பார்சல் போட்டுவிட்டார், பதினைந்து நாள் வைத்திருக்கலாமாம். வந்ததும் முதலில் வால்யூமை 7-ல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.